காடைத் தீவனத்தில் சோயாவுக்குப் பதில் வேறு பிண்ணாக்கு: எந்தக் கோளாறுக்கு எங்கே பார்ப்பது

சோயா பிண்ணாக்கைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் கடலை, எள்ளு, சூரியகாந்தி, கடுகு, கொத்தவரை மீல், பயறு, முருங்கை இலைத் தூள் என்று எதையாவது சேர்க்கிறோம். கணக்குப் போட்டால் புரதம் அதே 24 சதவீதம்தான் வருகிறது. ஆனால் சில நாளில் காடைகள் ஒன்றுபோல வளராமல் போகின்றன, எச்சம் மாறுகிறது, இறகைக் கொத்திக்கொள்கின்றன. அப்படி ஒரு கோளாறு கண்ணில் பட்டால் எங்கிருந்து தேடத் தொடங்குவது என்பதற்காக இதை எழுதுகிறேன். நான் சொல்வது ஜப்பானியக் காடையைப் பற்றி, பொரித்த நாளிலிருந்து ஐந்து ஆறு வாரம் வரை.

ஒன்றை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். ஆய்வகம் தரும் கச்சாப் புரதம் என்பது நைட்ரஜனை அளந்து 6.25 ஆல் பெருக்கிய எண். அந்த நைட்ரஜன் லைசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து (புரதத்தைக் கட்டும் சின்னத் துண்டுகளில் ஒன்று) வந்ததா, செரிக்காத தோலோடு ஒட்டிக்கொண்டிருந்ததா, யாரோ கலந்த யூரியாவிலிருந்து வந்ததா என்பதை அந்த எண் சொல்லாது. கீழே வரும் பாதிக் கோளாறுகளுக்கு இதுதான் வேர். 24 சதவீதம் என்று தாளில் இருப்பது வேறு, குஞ்சின் உடம்பில் சேர்வது வேறு.

தேடும்போது கையில் இருக்க வேண்டிய எண்கள் இவை. அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் கழகம் 1994ல் வெளியிட்ட பரிந்துரைப்படி, வளரும் ஜப்பானியக் காடையின் தீவனத்தில் கிலோவுக்கு 2,900 கிலோகலோரி எரிசக்தி, 24 சதவீதம் புரதம், 1.30 சதவீதம் லைசின், 0.50 சதவீதம் மெத்தியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலம் (சிஸ்டின் என்ற அமினோ அமிலத்தோடு சேர்த்து 0.75), 0.80 சதவீதம் கால்சியம், பைட்டேட்டாகப் (தாவரங்களில் பாஸ்பரஸைப் பூட்டி வைக்கும் பொருள்) பூட்டிக் கிடக்காத பாஸ்பரஸ் 0.30 சதவீதம் இருக்க வேண்டும். இன்றைய வேகமாக வளரும் இனங்களுக்கு இதற்கு மேலும் தேவைப்படலாம். ஆனால் இதற்குக் கீழே போனால் கோளாறு நிச்சயம்.

முதலில்: காரணம் தீவனம்தானா?

கோளாறு தொடங்கிய நாளையும் தீவனம் மாற்றிய நாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாற்றுவதற்கு முன்பே தொடங்கியிருந்தால் தீவனத்தைக் குற்றம் சொல்ல முடியாது. முதல் வாரக் குஞ்சுக்கு 35 முதல் 37 டிகிரி வெப்பம் வேண்டும். குஞ்சுகள் விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடைந்திருந்தால் குளிர், ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்தால் சூடு. தண்ணீர்க் குழாய் அடைத்திருந்தாலும் தீவனம் இறங்காது. ரத்தம் கலந்த எச்சம், திடீரென்று கூட்டமாக இறப்பது, குடலில் புண் ஆகியவை இருந்தால் ரத்தக்கழிச்சலும் குடற்புண் நோயும் முதலில் நினைவுக்கு வர வேண்டும். அங்கே கால்நடை மருத்துவர்தான் வழி, பிண்ணாக்கு இல்லை.

தீவனமா நோயா என்று பிரிக்க ஒரு நல்ல சோதனை இருக்கிறது. ஒரே வயதுக் குஞ்சுகளை இரண்டு அடைப்பாகப் பிரித்து, ஒன்றுக்குப் பழைய தீவனம், மற்றதற்குப் புதியது கொடுங்கள். இடமும் வெப்பமும் தண்ணீரும் ஒன்றாகவே இருக்கட்டும். ஒரு வாரம் போதும், எடை வித்தியாசம் தெரிந்துவிடும். இதற்காகவே பழைய கலவையில் கொஞ்சம் எப்போதும் எடுத்து வைப்பது நல்லது. ஒரே நேரத்தில் மூன்று பொருளை மாற்றிவிட்டு எது காரணம் என்று தேடுவது வீண் அலைச்சல். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

நன்றாகத் தின்கிறது, ஆனால் எடை ஏறவில்லை. கூட்டத்தில் பெரிசும் சிறிசுமாக இருக்கிறது

அதிகம் வரும் கோளாறு இதுதான். பொரித்தபோது 7 முதல் 9 கிராம் இருக்கும் குஞ்சு முதல் வாரத்திலேயே கிட்டத்தட்ட மூன்று மடங்கு ஆகும். அவ்வளவு வேகத்தில் வளரும் உடம்பு ஒரே ஒரு அமினோ அமிலம் குறைந்தாலும் அங்கேயே நின்றுவிடும். மற்றதெல்லாம் மிஞ்சினாலும் பயன் இல்லை, அது எரிந்து எச்சத்தில் போகும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 100 கிலோ தீவனத்தில் 10 கிலோ சோயா பிண்ணாக்கை எடுத்துவிட்டு 10 கிலோ கடலைப் பிண்ணாக்கு போடுகிறோம். இரண்டிலும் புரதம் ஏறக்குறைய 45 சதவீதம், ஆக மொத்தப் புரதம் மாறவில்லை. ஆனால் சோயாவில் லைசின் சுமார் 2.8 சதவீதம், கடலையில் சுமார் 1.5 சதவீதம். அந்தப் பத்துக் கிலோவிலிருந்து வந்துகொண்டிருந்த 280 கிராம் லைசின் 150 கிராமாக இறங்கிவிட்டது. குறைந்தது 130 கிராம். 100 கிலோ தீவனத்துக்கே 1,300 கிராம்தான் தேவை என்பதால், பத்தில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கிறது. தீவனச் சந்தையில் கிடைக்கும் லைசின் ஹைட்ரோகுளோரைடில் லைசின் 78 சதவீதம். ஆகவே 170 கிராம் அளவுக்குச் சேர்த்தால் அந்தப் பள்ளம் நிரம்பும். மெத்தியோனினும் கொஞ்சம் குறையும், அது 20 கிராமுக்குள் சரியாகிவிடும்.

எள்ளுப் பிண்ணாக்கின் கதை வேறு. லைசின் சுமார் 1 சதவீதம்தான், கடலையை விடவும் மோசம். ஆனால் மெத்தியோனின் சோயாவைப் போல ஏறக்குறைய இரண்டு பங்கு. சோயாவுக்கு எது குறைவோ அது எள்ளில் இருக்கிறது, எள்ளுக்கு எது குறைவோ அது சோயாவில் இருக்கிறது. அதனால் எள்ளை முழுமையான மாற்றாக வைக்காமல் சோயாவோடு ஜோடியாக வைத்தால் இரண்டுக்கும் நல்லது. சூரியகாந்தியும் இதே சாயல்தான்: மெத்தியோனின் பரவாயில்லை, லைசின் குறைவு. மக்காச்சோள குளூட்டன் 60 சதவீதம் புரதம் என்று கவர்ச்சியாக இருக்கும், லைசினில் மிக ஏழை. பட்டாணி, காராமணி, துவரை மாதிரியான பயறுகள் இதற்கு நேர் எதிர். லைசின் தாராளம், மெத்தியோனின் பஞ்சம். தவிர அவற்றின் புரதமே 20 முதல் 25 சதவீதம் என்பதால் கிலோவுக்குக் கிலோ சோயாவுக்கு ஈடாகாது.

சரி, லைசின் குறைவா மெத்தியோனின் குறைவா என்று எப்படிப் பிரிப்பது? சேர்த்த பொருளைப் பாருங்கள். எண்ணெய் வித்துப் பிண்ணாக்கு என்றால் லைசினிலிருந்து தொடங்குங்கள், பயறு என்றால் மெத்தியோனினிலிருந்து. இறகு கலைந்து, முளைப்பது தாமதமாகி, ஒன்றையொன்று கொத்துவதும் சேர்ந்திருந்தால் மெத்தியோனின் பக்கம் சந்தேகம் கூடும்.

இவ்வளவு சிறிய அளவை நேரடியாக 100 கிலோவில் கொட்டினால் ஒரு மூலையில் மட்டும் சேரும். முதலில் ஒரு கிலோ மக்காச்சோள மாவில் கலந்து, அதை ஐந்து கிலோவில் கலந்து, அப்புறம் மொத்தத்தில் போடுங்கள். கூட்டத்தில் பெரிசும் சிறிசுமாக வளர்வதற்குக் கலவை சரியாக இல்லாததும் ஒரு முக்கியக் காரணம். அதை விட்டுவிட்டு விலையுயர்ந்த சத்து மருந்துகளை வாங்கித் தண்ணீரில் ஊற்றுவதைப் பார்க்கும்போது மனம் கஷ்டப்படுகிறது.

இதெல்லாம் சரியாக இருந்தும் எடை வரவில்லை என்றால் பிண்ணாக்கையே சந்தேகியுங்கள். மணல், உமி, யூரியா கலப்படம் அரிதான விஷயமில்லை. ஒரு பிடி பிண்ணாக்கைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்கினால் மணல் அடியில் தங்கும், உமியும் தோலும் மேலே மிதக்கும். யூரியாவை ஆய்வகத்தில்தான் உறுதி செய்ய முடியும்.

எடை ஏறவில்லை, எச்சத்தில் செரிக்காத தீவனம் தெரிகிறது

வீட்டில் அரைத்த முழு சோயா அல்லது பச்சைப் பயறு சேர்த்திருக்கிறீர்களா? பச்சையாக இருக்கும் சோயாவிலும் பல பயறுகளிலும் புரதத்தைச் செரிக்கும் டிரிப்சின் நொதியைத் தடுக்கும் பொருள்கள் இருக்கின்றன. உடம்பு அதை ஈடுகட்ட மேலும் மேலும் நொதி சுரக்கும், அதற்காகக் கணையம் பருக்கும். இறந்த குஞ்சைத் திறந்து பார்த்தால், குடலின் முதல் வளைவுக்கு நடுவில் இருக்கும் வெளிர் நிறக் கணையம் வழக்கத்தை விடப் பெரிசாக இருக்கும். ஒப்பிட நல்ல குஞ்சு ஒன்றும் வேண்டும்.

சோயா வெந்ததா என்பதை யூரியேஸ் நொதியை வைத்துக் கண்டுபிடிக்கலாம். வேகாத சோயாவில் அந்த நொதி உயிரோடு இருக்கும், யூரியாவை அம்மோனியாவாக உடைக்கும். ஒரு மூடி போட்ட கண்ணாடிக் குப்பியில் சோயா மாவு, கொஞ்சம் யூரியா, தண்ணீர் சேர்த்து, சிவப்பு லிட்மஸ் தாளை நனைத்து மூடிக்கடியில் தொங்கவிடுங்கள். தாள் சீக்கிரம் நீலமாகி, திறந்ததும் அம்மோனியா நெடி அடித்தால் சோயா இன்னும் வேக வேண்டும்.

ஆனால் மறுபுறமும் ஆபத்து உண்டு. அளவுக்கு மீறிச் சூடாக்கினால் லைசின் சர்க்கரையோடு பிணைந்துபோய்க் குஞ்சுக்கு உதவாது. யூரியேஸ் சோதனை இதைக் காட்டிக்கொடுக்காது. அதற்குப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் புரதம் எவ்வளவு கரைகிறது என்ற சோதனையை ஆய்வகத்தில் கேட்க வேண்டும். 78 முதல் 85 சதவீதம் வரை கரைந்தால் நல்ல பதம், 70க்குக் கீழே போனால் தீய்ந்தது என்று பொருள். கண்ணுக்குத் தெரியும் அடையாளம் நிறம்: வெளிர் மஞ்சள் பழுப்பு நல்லது, அடர் பழுப்பும் கருகிய வாசமும் கெட்டது. தானிய வடிசாலையிலிருந்து வரும் உலர்ந்த சக்கைக்கும் இதே விதிதான். பொன்னிறமாக இருப்பதை எடுங்கள், காப்பித்தூள் நிறத்தில் இருப்பதை விடுங்கள்.

வேகவைத்தால் எல்லா நஞ்சும் போய்விடும் என்று நம்ப வேண்டாம். டிரிப்சின் தடுப்பானும், பயறுகளில் இருக்கும் லெக்டின் என்ற நச்சுப் புரதமும் சூட்டுக்கு அடங்கும். துவர்ப்புப் பொருளான டேனின், பைட்டேட், லூப்பின் என்ற பயறின் கசப்பு ஆல்கலாய்டு ஆகியவை அடங்காது. டேனின் பெரும்பாலும் தோலில் இருப்பதால் தோல் நீக்கினால் குறையும்.

அளவுக்கு அதிகமாகத் தின்கிறது, அப்படியும் மெலிவு

இங்கே பெரும்பாலும் நார்ச்சத்துதான் குற்றவாளி. தோலோடு ஆட்டிய சூரியகாந்திப் பிண்ணாக்கு, தேங்காய்ப் பிண்ணாக்கு, இலைத் தூள்கள் எல்லாம் எரிசக்தியை நீர்க்கச் செய்யும். காடை அதை ஈடுகட்ட அதிகம் தின்னப் பார்க்கும், ஆனால் சின்ன வயிறு ஒரு கட்டத்துக்கு மேல் கொள்ளாது. தேங்காய்ப் பிண்ணாக்கு நீரை உறிஞ்சி உப்பும், குஞ்சின் கழுத்துப் பை நிறைந்துவிடும், உள்ளே போனது கொஞ்சம்தான். சூரியகாந்தி வாங்கினால் தோல் நீக்கியதாக வாங்குங்கள். தோலோடு இருப்பதிலும் நீக்கியதிலும் புரதம் 28லிருந்து 36 சதவீதம் வரை மாறும் என்பதால், "சூரியகாந்தி" என்ற பெயரை மட்டும் வைத்துக் கணக்குப் போடக் கூடாது. தீவனத்தில் ஒன்றிரண்டு சதவீதம் தாவர எண்ணெய் சேர்த்தால் எரிசக்தி மேலேறும், தூசியும் அடங்கும்.

தீவனத்தைத் தள்ளுகிறது, கிளறிக் கொட்டுகிறது

காடைக் குஞ்சின் அலகு மிகச் சின்னது. பருமனாக அரைத்த பிண்ணாக்கை அது எடுக்காது, மாவாக அரைத்தால் அலகில் ஒட்டிக்கொள்ளும். சின்னக் குருணையாக இருப்பதே நல்லது. இலைத் தூள் லேசானது, தட்டில் தனியாகப் பிரிந்து மேலே நிற்கும். குஞ்சு குருணையைப் பொறுக்கிவிட்டுத் தூளை விட்டுவிடும். மாலையில் தட்டில் மிஞ்சியதைக் கையில் எடுத்துப் பாருங்கள், அதில் எது அதிகமோ அதைக் குஞ்சு தின்னவில்லை. கடுகுப் பிண்ணாக்கின் காரமும் முருங்கையிலும் கொத்தவரையிலும் இருக்கும் சபோனின் கசப்பும் தின்பதைக் குறைக்கும். பழைய கடலை, தேங்காய்ப் பிண்ணாக்கில் எண்ணெய் சிக்கு வாடை அடித்தாலும் இதேதான். புதுப் பொருளை ஒரே நாளில் மாற்றாமல் ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு போனால் பாதிப் பிரச்சினை வராது.

எச்சம் பிசுபிசுப்பாக, ஈரமாக இருக்கிறது, பின்புறம் ஒட்டுகிறது

பிசுபிசுப்பு என்றால் முதலில் கொத்தவரை மீல். பிசின் எடுத்த பிறகும் அதில் கேலக்டோமன்னான் என்ற பசைப் பொருள் மிஞ்சியிருக்கும், அது குடலில் உள்ளதைக் கூழாக்கிவிடும். செரிமானமும் குறையும், படுக்கையும் நனையும். 5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பாதியாகக் குறையுங்கள், இல்லையென்றால் பீட்டா மன்னனேஸ் நொதி சேருங்கள். அது இந்தப் பசையை உடைக்கத்தான் இருக்கிறது. லூப்பின், பார்லி மாதிரியானவற்றாலும் பசை எச்சம் வரும், அவற்றுக்கு வேறு நொதி.

பசை இல்லாமல் வெறும் நீராக இருந்தால் உப்பைப் பாருங்கள். மீன் தூளில் உப்பு இருக்கும்போது தனியாகவும் உப்பு போட்டால் தண்ணீர் அதிகம் குடித்து எச்சம் ஓடும். சோயா, இலைத் தூள்கள் ஆகியவற்றில் பொட்டாசியம் அதிகம் என்பதாலும் ஈரம் வரும்.

இறகைக் கொத்துகிறது, ரத்தம் வருகிறது

முதலில் இடநெருக்கடியையும் வெளிச்சத்தையும் பாருங்கள். அவை சரியாக இருந்தால் தீவனத்தில் இரண்டு காரணங்கள். ஒன்று மெத்தியோனின் பற்றாக்குறை, மேலே சொன்னது. இரண்டாவது பலர் கவனிக்காதது: மீன் தூளை நிறுத்தி முழுக்கத் தாவரப் புரதத்துக்கு மாறும்போது சோடியமும் கூடவே போய்விடுகிறது. தேவை 0.15 சதவீதம் சோடியம். தாவரப் பொருள்களிலிருந்து மிகக் குறைவுதான் வரும் என்பதால் 100 கிலோவுக்குச் சுமார் 300 கிராம் சாதாரண உப்பு வேண்டும். அந்த உப்பைச் சேர்த்த சில நாளிலேயே கொத்துவது குறைந்தால் காரணம் அதுதான். காயம்பட்டதைத் தனியே எடுத்துவிடுங்கள், ரத்தத்தைக் கண்டால் மற்றவை நிறுத்தாது.

கால் வளைவு, நொண்டல், விரல் சுருளுதல்

தாவரப் பொருளில் உள்ள பாஸ்பரஸில் மூன்றில் இரண்டு பங்கு பைட்டேட்டாகப் பூட்டிக் கிடக்கும். எள்ளுப் பிண்ணாக்கில் பைட்டேட்டும் ஆக்சலேட்டும் அதிகம் என்பதால் கால்சியமும் துத்தநாகமும் கூடச் சிக்கிக்கொள்ளும். மொத்தப் பாஸ்பரஸ் போதுமென்று தாளில் இருந்தும் எலும்பு மெலிந்து வளைவது இதனால்தான். டைகால்சியம் பாஸ்பேட்டைக் கூட்டுங்கள், பைட்டேட்டை உடைக்கும் பைட்டேஸ் நொதி சேருங்கள். மூட்டு வீங்கிப் பின்தசைநார் நழுவினால் மாங்கனீசும் கோலினும் குறைவு. விரல் உள்நோக்கிச் சுருண்டு கணுக்காலில் நடந்தால் ரைபோஃப்ளேவின் குறைவு, வைட்டமின் கலவை பழசாகிவிட்டதா என்று பாருங்கள். முட்டையிடும் காடையின் தீவனத்தைக் குஞ்சுக்குக் கொடுப்பதும் தவறு. அதில் கால்சியம் 2.5 சதவீதம், குஞ்சின் தேவையைப் போல மூன்று மடங்கு.

கழுத்து திருகிக் கொண்டாலோ பக்கவாட்டில் விழுந்தாலோ சிக்கெடுத்த எண்ணெயால் வைட்டமின் ஈ அழிந்திருக்கலாம். ஆனால் வெள்ளைக்கழிச்சலிலும் இதே அடையாளம் உண்டு. இங்கே மருத்துவரை விட்டுவிட்டுத் தீவனத்தை மாற்றிக்கொண்டிருக்காதீர்கள்.

சோர்வு, வெளிறல், தினமும் சில இறப்பு

இந்த அடையாளம் தெரிந்தவுடன் அந்தத் தீவனத்தை அன்றே நிறுத்துங்கள். சோதனை முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

முதல் சந்தேகம் பூஞ்சை நச்சு. 1960ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் இறந்தபோதுதான் கடலைப் பிண்ணாக்கில் இருந்த அஃப்ளடாக்சின் உலகுக்குத் தெரியவந்தது. காடை, வான்கோழி அளவுக்கு மென்மையானது இல்லை. ஆனால் கோழியை விட எளிதில் பாதிக்கப்படும். இறந்த குஞ்சைத் திறந்தால் ஈரல் கரும்பழுப்பாக இல்லாமல் மஞ்சளாக வெளிறி, தொட்டால் உடையும்படி இருக்கும், ரத்தப் புள்ளிகளும் தெரியும். பல நாடுகளில் இளம் கோழித் தீவனத்துக்கான வரம்பு கிலோவுக்கு 20 மைக்ரோகிராம். அந்த அளவு கண்ணுக்குப் பூஞ்சையாகத் தெரிய வேண்டிய அவசியமில்லை. வறுத்தாலும் வெயிலில் காயவைத்தாலும் நச்சு முழுதாகப் போகாது. மூட்டையின் பல இடங்களிலிருந்து மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள், நச்சு ஓரிடத்தில் குவிந்திருக்கும் என்பதால் ஒரு பிடி மாதிரி ஏமாற்றிவிடும். வடிசாலைச் சக்கையில் மாவுச்சத்து போய்விடுவதால் தானியத்தில் இருந்த நச்சு ஏறக்குறைய மூன்று மடங்காகச் செறிந்திருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். நச்சுப் பிடிக்கும் களிமண் கலவைகள் லேசான பாதிப்புக்கு உதவும், கெட்ட பிண்ணாக்கை நல்லதாக்காது.

பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு சேர்த்திருந்தால் காசிபால் என்ற நிறமி நஞ்சு. அது லைசினையும் இரும்பையும் பிணைக்கும், உடம்பு வெளிறும். இரும்பு சல்பேட் சேர்த்து அதை அடக்கும் வழி உண்டு. ஆனால் என் அபிப்பிராயம், வளரும் காடைக்கு அது வேண்டவே வேண்டாம். கடுகுப் பிண்ணாக்கு அதிகமானால் தைராய்டு பருக்கும். கழுத்தின் அடியில் மூச்சுக்குழாயின் இரு பக்கமும் சிவந்த சின்ன உருண்டைகளாக அது தெரியும், வளர்ச்சியும் மந்தமாகும். சுபாபுல் இலையில் மைமோசின் என்ற நஞ்சு இருக்கிறது, அதையும் குஞ்சுக்குத் தவிர்க்கலாம்.

கோளாறு அடங்கியபின் மறுபடி எப்படிச் சேர்ப்பது

பழைய தீவனத்தில் ஒரு வாரம் விட்டு, குஞ்சு தேறியதை எடை போட்டு உறுதி செய்யுங்கள். அப்புறம் முதல் இரண்டு வாரத்துக் குஞ்சைத் தொடாமல், மூன்றாவது வாரத்திலிருந்து தொடங்குங்கள். நான் தொடங்கச் சொல்லும் அளவுகள் மிதமானவை: பூஞ்சைச் சோதனை செய்த கடலைப் பிண்ணாக்கும் எள்ளும் தோல் நீக்கிய சூரியகாந்தியும் ஒவ்வொன்றும் 10 சதவீதத்துக்குள், கடுகு 5க்குள், கொத்தவரை மீல் இரண்டரை, முருங்கை இலைத் தூளும் உலர்ந்த அசோலாவும் 3 முதல் 5. ஒவ்வொரு தடவையும் லைசின், மெத்தியோனின் கணக்கை மறுபடி போடுங்கள். வாரம் ஒருநாள், ஒரே நேரத்தில், தீவனம் வைப்பதற்கு முன் எடை போட்டுத் தேதியோடு எழுதி வையுங்கள். எடை பழைய கூட்டத்துக்குச் சமமாக வந்தால் மட்டும் அடுத்த 2 சதவீதத்தைக் கூட்டலாம்.